மூஸ் வேட்டைக்கு மூன்றாவது ஆள்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.20. அலாஸ்காவில் டில்லிங்ஹாம் என்ற ஊருக்கு வெளியே, நீரில் இறங்கி ஏறும் மிதவை விமானங்கள் நிற்கும் குளத்தங்கரை. சரக்கு நிறுக்கும் எடைமேடை மீது என் நண்பன் முரளி பூட்ஸும் மழைக்கோட்டுமாக ஏறி நின்றான். சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி 218-இல் நின்றன. ஜூலையில் அவன் தொலைபேசியில் சொன்ன எடை 185 பவுண்டு.

"ஷூ வெயிட்டா இருக்கும்டா," என்றான் முரளி.

விமானி ஜூடி எண்ணைக் குறித்துக்கொண்டார். என் மகன் கதிர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

எப்போது தப்பாகிப் போனது என்று அன்று மாலை என் மனைவி கவிதா தொலைபேசியில் கேட்டபோது இந்த நேரத்தைத்தான் சொன்னேன். "அதெல்லாம் இல்லீங்க. ஜூலையிலயே ஆயிருச்சு," என்றாள்.

பயணக் கட்டுரை எழுதுகிறவர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி எழுதுவார். நான் போய்ச் சேரவில்லை. நான் போக வேண்டிய ஏரி அந்தக் குளத்திலிருந்து தொண்ணூறு மைல் வடக்கே இருந்தது. அதற்கு டெக்சாஸில் ஒன்பது மாதம் திட்டம் போட்டு, விமானம் மாறி மாறி வந்து, கடைசித் தொண்ணூறு மைலில் நின்றுவிட்டேன். வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் எங்கேயாவது ஒரு சின்ன 'பீப்' சத்தம் கேட்டால் கை தானாகச் சட்டைப் பையைத் தடவுகிறது.

நாங்கள் இருப்பது டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில். ஈரோட்டிலிருந்து வந்து இருபத்தாறு வருடம். கதிர் இங்கே பிறந்தவன்; இருபத்து நான்கு வயது, ஆஸ்டினில் வேலை. நாம் பேசும் தமிழ் எல்லாம் அவனுக்குப் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். கல்லூரியில் கூடப் படித்த ஜேக்கின் குடும்பத்தோடு சேர்ந்து மான் வேட்டை பழகிக்கொண்டான். முதல் முறை அவன் ஐஸ் பெட்டியில் கறி கொண்டுவந்தபோது கவிதா மிளகு தட்டிப் போட்டு வறுத்தாள். நான் இரண்டு துண்டு தின்றேன். எங்கே பார்த்தாய், எப்படி வந்தது, உனக்குக் கை நடுங்கியதா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "ஆபீஸ்ல அப்ரைசல் முடிஞ்சுதா?" என்றுதான் கேட்டேன்.

கதிரும் ஜேக்கும் மூன்று வருடமாகப் பணம் சேர்த்துப் போட்டிருந்த திட்டம் இது. மூஸ் என்பது மான் சாதியிலேயே பெரியது. குதிரையை விட உயரம். ஆணுக்கு விரித்த இரண்டு கை போலக் கொம்பு. சாலை போகாத இடங்களில் இருக்கும். அதனால் மிதவை விமானத்தில் கொண்டுபோய் ஓர் ஏரியில் இறக்கிவிட்டு, எட்டு நாள் கழித்து வந்து எடுத்துக்கொள்வார்கள். இடையில் ஆளும் இல்லை, தொலைபேசியும் இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற, உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி ஒன்றுதான் துணை. ஒன்றைச் சுட்டால் கறி ஐநூறு பவுண்டுக்கு வரும். தின்னக்கூடிய கறியை அங்கே விட்டுவிட்டு வந்தால் குற்றம். கறி முழுவதையும் சுமந்து சேர்த்த பிறகுதான் கொம்பில் கை வைக்கலாம். எனவே சுடுகிறவனுக்குச் சுமக்க ஒரு துணை கட்டாயம்.

ஜனவரியில் ஜேக்கின் மனைவிக்கு நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது. பிரசவம் செப்டம்பரில். ஜேக் விலகிக்கொண்டான். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த கதிர் சோபாவில் கிடந்து, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று தொலைபேசியில் தேடிக்கொண்டிருந்தான்.

"நான் வர்றேன்டா," என்றேன்.

"யூ?"

"சுடறது நீ. தூக்கறது நான்."

சமையலறையிலிருந்து கவிதா சிரித்தாள். "ஏங்க, ஊர்ல கிடா வெட்டுறப்பவே நீங்க வண்டிக்குக் காத்து அடிக்கப் போயிருவீங்களே. இப்ப காட்டுக்கா?"

கதிர் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தான். "இட்ஸ் ஹெவி, அப்பா," என்றான். அது மறுப்பு இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

அடுத்த ஆறு மாதம்தான் இந்தப் பயணத்தில் நான் உண்மையிலேயே பயணம் செய்த பகுதி. தினமும் மாலை, இருபது பவுண்டு அரிசி மூட்டை இரண்டை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் குடியிருப்பைச் சுற்றி நடந்தேன். ஒரே மாதிரி செங்கல் வீடுகள், ஒரே மாதிரி ஓக் கன்றுகள். அனுமார் கோயிலில் ஒரு அம்மா, "அண்ணா, காலேஜ் பையன் மாதிரி பை மாட்டிட்டுப் போறீங்களே, ஏதாச்சும் வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை கதிர் ஆஸ்டினிலிருந்து நான்கு மணி நேரம் கார் ஓட்டி வருவான். கராஜில் காரை வெளியே எடுத்துவிட்டுத் தரையில் எல்லாவற்றையும் பரப்புவான். கூடாரம், தூக்கப்பை, அடுப்பு, கறி சுற்றும் துணிப்பைகள். ஒவ்வொன்றாகத் தொங்கு தராசில் மாட்டி நிறுப்பான். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டினான். வெந்நீர் ஊற்றித் தின்னும் உலர் உணவுப் பொட்டலங்களின் வெளி அட்டையைக் கழற்றி எறிந்தான். அப்படியே வேட்டையைப் பற்றிச் சொல்வான். காற்று எந்தப் பக்கம் இருக்க வேண்டும், ஆண் மூஸை அழைக்கக் குரல் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று. ஒருநாள் கராஜில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பெண் மூஸ் போல முனகிக் காட்டினான். எதிர் வீட்டு நாய் குரைத்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அவன் பத்து வயதுக்குப் பிறகு நாங்கள் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். வெளிமாநிலத்தவருக்கு வேட்டை உரிமம் 160 டாலர், மூஸுக்கான அனுமதிச் சீட்டு 800. அது கதிருக்கு மட்டும். சுமப்பவனுக்கு உரிமம் தேவையில்லை. ஏரிக்குப் போய்வர விமானம் ஆளுக்கு 4,200 டாலர்.

விமானக்காரர்கள் எங்கள் உடல் எடையைக் கேட்டார்கள். "ரியல் வெயிட், அப்பா. வித் பூட்ஸ்," என்றான் கதிர். ஓட்டுநர் உரிமத்துக்கு எழுதிக்கொடுத்த 172-ஐச் சொன்னேன். அந்த உரிமம் எடுத்தது அவன் நாலாம் வகுப்புப் படிக்கும்போது.

ஜூலையில் முரளி அழைத்தான். கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரி விடுதியில் நான்கு வருடம் என் அறைத்தோழன். இப்போது நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கிறான். மருந்துக் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் இருந்தவனுக்கு மார்ச்சில் வேலை போயிருந்தது. முன்பு காலையில் ஆறரை ரயிலைப் பிடிக்க ஓடுவான். இப்போது அந்த ரயிலின் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான் என்று கவிதாவிடம் அவன் மனைவி சொல்லியிருந்தாள்.

"டேய் பழனி, அலாஸ்கா போறியாமே. பெரிய ஆளாயிட்ட. எனக்கொரு வார்த்தை சொன்னியா?"

"நீயும் வாயேன்டா," என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. நம்மவர்கள் சொல்கிற சொல்தான். யெல்லோஸ்டோன் போனாலும் நயாகரா போனாலும் நாம் அப்படித்தான் போவோம். எட்டுப் பேர் உட்காரும் சபர்பன் வாடகைக்கு எடுப்போம். கடைசி நேரத்தில் ஒருவர் சேர்வார். மூன்றாவது வரிசையில் குழந்தையை மடியில் வைத்து இடம் பண்ணுவோம். இடம் இல்லை என்று யாரையும் திருப்பியதில்லை.

அடுத்த சனிக்கிழமை கராஜில் விஷயத்தைச் சொன்னபோது கதிர் தராசைக் கீழே வைத்தான்.

"அப்பா. இட்ஸ் நாட் எ சபர்பன்."

"ஒரு ஆள்தானேடா. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். பாவம், வேலை போய் வீட்லயே உக்காந்திருக்கான்."

அன்றைக்கு மத்தியானமே விமானக்காரர்களை அழைத்தான். மூன்று பேர் ஒரே நடையில் போகலாம். ஆளும் சாமானும் சேர்த்து ஆயிரம் பவுண்டைத் தாண்டக்கூடாது என்றார்கள். கதிர் எல்லாவற்றையும் மறுபடி பரப்பினான். தன்னுடைய மாற்று பூட்ஸ், மடக்கு நாற்காலி, தொலைநோக்கி வைக்கும் முக்காலி ஆகியவற்றை எடுத்து அலமாரியில் வைத்தான். முரளி மாமாவுக்காக அவன் கழித்தது எல்லாம் அவனுடைய சாமான். நான் அதைப் பார்த்துக்கொண்டு, பையன் பெருந்தன்மையாக வளர்ந்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன்.

செப்டம்பர், புதன்கிழமை. டாலஸிலிருந்து சியாட்டில் வழியாக அலாஸ்காவின் பெரிய ஊரான ஆங்கரேஜ். துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து விமான நிலையத்தில் சொல்லி ஒப்படைக்க வேண்டும். கரடியை விரட்டும் காரத் தெளிப்பானும் அடுப்பு வாயுவும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அங்கே போய் வாங்கிக்கொள்ள வேண்டும். நூவர்க்கிலிருந்து முரளி எங்களுக்கு முன்பே வந்து விடுதி வாசலில் நின்றான். கூட இரண்டு பெரிய பைகள்.

அறையில் அவன் பைகளைத் திறந்தபோது நான் சிரித்தேன். மூன்று லிட்டர் குக்கர், பத்து பவுண்டு அரிசி, துவரம் பருப்பு, கண்ணாடிப் பாட்டிலில் தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, நெய், முறுக்கு டின், தோசைக்கல். அதற்குக் கீழே ஒரு கேமராவும் முழங்கை நீளத்துக்கு லென்ஸும்.

"எட்டு நாளும் அந்தத் தூளைக் கரைச்சுக் குடிக்கப் போறீங்களாடா? நான் இருக்கறப்ப அது நடக்காது. கதிர், மாமா வைக்கிற ரசத்துக்கு அந்த மூஸே தேடிட்டு வரும் பாரு."

"சவுண்ட்ஸ் குட், அங்கிள்," என்றான் கதிர்.

பிறகு முரளி, எல்லாச் சாப்பாடும் ஒரே இடத்தில் இருந்தால் வசதி என்று, கதிர் பிரித்து வைத்திருந்த உணவுப் பொட்டலங்களையும் தன் பெரிய பைக்குள் அடுக்கிவிட்டான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவனுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. விசில் அடித்துக்கொண்டே செய்தான்.

அவன் குளிக்கப் போனபோது கதிர் அந்தப் பையைத் தராசில் தூக்க முயன்றான். தராசு எழுபத்தைந்து பவுண்டு வரைதான் காட்டும். பை அதையும் தாண்டிவிட்டது.

"யூ ஹாவ் டு டெல் ஹிம், அப்பா."

"சரி, சொல்றேன். டில்லிங்ஹாம் போய்ப் பாத்துக்கலாம்."

சொல்லவில்லை. தமிழில் முகதாட்சண்யம் என்று ஒரு சொல் இருக்கிறது. வேலை போனவனிடம், நம்மை நம்பி நாலாயிரம் மைல் வந்தவனிடம், உன் குக்கரை இங்கேயே விட்டுவிடு என்று எந்த வாயால் சொல்வது? அன்றைக்கு எனக்கு அது பண்பாகத் தோன்றியது.

வியாழக்கிழமை ஆங்கரேஜிலிருந்து டில்லிங்ஹாம், ஏறத்தாழ 330 மைல். ஆங்கரேஜிலிருந்து அங்கே சாலை கிடையாது. கப்பல் அல்லது விமானம். கடையில் ஒரு காலன் பால் பன்னிரண்டு டாலர். விமானக்காரர்களின் மரக்கொட்டகையில் அடுக்குக் கட்டிலில் தங்கினோம். மறுநாள் பிற்பகல் எடைமேடை.

முரளி 218. நான் 191. கதிர் 170. அவன் சொல்லியிருந்ததும் 170. பிறகு மூட்டைகள் ஏறின. ஜூடிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குட்டையான உருவம், காதில் பென்சில். கூட்டிப் பார்த்தார். மொத்தம் 1,126.

"கொஞ்சம் சமாளிக்க முடியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நான் சமாளிப்பேன்; விமானம் சமாளிக்காது," என்றார். ஒன்று, 126 பவுண்டை இங்கேயே விட வேண்டும். அல்லது இரண்டு நடை போக வேண்டும். இரண்டாவது நடைக்கு 1,400 டாலர். வானிலை மாலை வரை தாங்கும் போலிருக்கிறது, நாளைக்கு உத்தரவாதம் இல்லை என்றார்.

முரளி கொண்டுவந்த சாமானை விட்டால் கணக்கு சரியாகிவிடும். மேடை அருகில் நின்ற எல்லோருக்கும் அது தெரிந்தது, முரளிக்கும் தெரிந்தது. அவன் முகம் சிறுத்துப் போனது.

"டேய், நான் இங்கயே இருந்துக்கறேன்டா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் சும்மா ஃபோட்டோ எடுக்கத்தான வந்தேன்."

"சீ, என்னடா பேசற. ரெண்டு நடை போகட்டும். நான் குடுக்கறேன்."

கதிர் தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். பிறகு, தான் முதலில் போவதாகவும் நாங்கள் வருவதற்குள் கூடாரம் அடித்துவிடுவதாகவும் சொன்னான். கூடாரம், தூக்கப்பை, துப்பாக்கி, அடுப்பு, தண்ணீர் வடிகட்டி, கறிப்பைகள் எல்லாம் விமானத்தில் ஏறின. சாப்பாட்டுப் பையை அவன் தூக்கப் போனான். "அது கனம்டா, விடு. நாங்க கொண்டு வர்றோம்," என்றேன் நான்.

செயற்கைக்கோள் கருவி என் கோட்டு உள்பையில் இருந்தது. அது வேலை செய்கிறது என்று கவிதாவை நம்பவைக்க, காலையிலிருந்து அவளுக்கு 'டெஸ்ட்', 'டெஸ்ட்' என்று அனுப்பிக்கொண்டிருந்தேன்.

2.05-க்கு விமானம் நீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. கதிர் ஜன்னலில் கட்டைவிரலைக் காட்டினான். முரளி படம் எடுத்தான்.

4.15-க்கு ஜூடி திரும்பி வந்தார். வரும்போதே விமானம் மரங்களின் தலையை ஒட்டித் தாழ்வாக வந்தது. மேகம் வடக்கேயிருந்து இறங்கிவிட்டது, இன்றைக்கு இன்னொரு நடை இல்லை என்றார். கதிர் நன்றாக இருக்கிறான். ஏரியிலிருந்து கிளம்பும்போதே வானத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்ததால் தன் மதிய உணவை, ஒரு சாண்ட்விச்சும் ஆப்பிளும், அவனிடம் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்.

"அவனிடம் கருவி இருக்கிறது அல்லவா? ராத்திரி நிலவரத்தை எழுதச் சொல்லுங்கள்," என்றார் ஜூடி.

அப்போது என் கோட்டுக்குள் 'பீப்' என்றது. எடுத்துப் பார்த்தேன். கவிதா. 'கதிர் ரீச் ஆயிட்டானா?'

ஜூடி அந்தக் கருவியைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு, "ஓ," என்று மட்டும் சொன்னார்.

கவிதாவைத் தொலைபேசியில் அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"சாப்பாடு உங்ககிட்ட. போன் உங்ககிட்ட. புள்ள மட்டும் அங்க. இல்லீங்களா?"

"ஆமா."

"அந்த அண்ணன்கிட்ட ஒரு 'வேண்டாம்' சொல்ல உங்களுக்கு வாய் வரல. அந்த 'வேண்டாம்'ங்கறத இப்ப புள்ள சுமக்கறான்." வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மழை படுக்கைவாக்கில் பெய்தது. குளத்தின் எதிர்க்கரை தெரியவில்லை. மீட்புக்கு ஹெலிகாப்டர் வருமா என்று கேட்டேன். இந்த மேகத்தில் அதுவும் பறக்காது, அவனிடம் கூடாரமும் துப்பாக்கியும் இருக்கின்றன, கெட்டிக்காரப் பையன் என்றார் ஜூடி. கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் கோட்டுப் பையில் இருந்தவை கடலைமிட்டாய் போன்ற நான்கு தானியக் கட்டிகள்தான். ஒவ்வொன்றின் எடையும் எனக்கு மனப்பாடம். கராஜில் நானே தராசைப் பிடித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையும் அதே மழை. முரளி கொட்டகை அடுப்பில் குக்கரை வைத்தான். விசில் வந்தது. தட்டில் சோறும் பருப்புப் பொடியும் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"ரெண்டு வாய் சாப்புடு."

"எப்படிடா சாப்பிடச் சொல்ற? அவன் அங்க என்னத்தத் தின்னுட்டு இருப்பான்?" கத்திவிட்டேன். "ஒரு குக்கர், முரளி! ஒரு குக்கருக்காக!"

முப்பத்தைந்து வருட நட்பில் அவனிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவருகே நின்றான்.

"இதை நீ ஆங்கரேஜ்லயே சொல்லியிருந்தா விட்டுட்டு வந்திருப்பேன்டா," என்றான் திரும்பாமல். "நான் என்ன அவ்வளவு உடைஞ்சா போயிட்டேன்? என்கிட்ட ஒண்ணு சொல்லக்கூட பயந்தியா?"

பரிவு என்று நினைத்து நான் செய்தது அவனையும் சின்னவனாக்கியிருந்தது. சிறிது நேரம் கழித்து அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இருவரும் ஆறிய சோற்றைப் பிசைந்து தின்றோம். ஃபிரிஸ்கோவைப் பற்றி நினைத்தேன். அங்கே இன்னும் ஒருவருக்கு இடமில்லாத வீடு இல்லை, கார் இல்லை, பந்தி இல்லை. யாராவது விட்டுப்போனால் ஒரு தொலைபேசி, ஒரு ஊபர். அந்த ஊரில் இருபத்தாறு வருடம் பழகிய கையோடு இங்கே வந்து எடைமேடையிடம் பேரம் பேசியிருக்கிறேன்.

அன்று இன்னொன்றும் உறைத்தது. கூடாரத்தில் கிடப்பவனுக்கு விமானம் ஏன் வரவில்லை என்று தெரியாது. கிளம்பவே இல்லையா, கிளம்பி வழியில் விழுந்துவிட்டதா என்று அவனுக்கு யார் சொல்வார்கள்? நான் அவனுக்காகப் பயந்துகொண்டிருந்த அதே நேரத்தில் அவன் எனக்காகப் பயந்துகொண்டிருப்பான்.

திங்கட்கிழமை காலை 10.40-க்கு மழை விட்டது. ஜூடி வானத்தையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு அல்லது மூன்று மணி நேரம் கிடைக்கும், பின்னாலேயே இன்னொரு புயல் வருகிறது, அது வாரக் கடைசி வரை நிற்கும். அதனால் எங்களைக் கொண்டுபோய் விட முடியாது; அவனைத் திருப்பிக் கொண்டுவரத்தான் முடியும்.

"நானும் வரட்டுமா?" என்றேன்.

"அவனையும் அவன் சாமானையும் ஒரே நடையில் எடுக்க வேண்டும். காலியாகப் போனால்தான் நல்லது," என்றார். நான் துறையிலிருந்து பின்னால் நகர்ந்து வழிவிட்டேன்.

முரளி கொட்டகைக்கு ஓடினான். குக்கர் விசில் கேட்டது.

பிற்பகல் ஒன்றரை மணிக்கு முதலில் சத்தம் வந்தது. பிறகு மேகத்துக்கு அடியில் ஒரு புள்ளி. விமானம் நீரில் இறங்கித் துறையை நோக்கி ஊர்ந்து வந்தபோது ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. அது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. எண்ணுகிறான் என்று புரிந்தது. ஒன்று, இரண்டு.

கதிர் மிதவை மேல் இறங்கித் துறைக்குத் தாவினான். தாடி முளைத்திருந்தது, கண்கள் உள்ளே போயிருந்தன. என்னை இறுகப் பிடித்துக்கொண்டான். புகையும் ஈரத் துணியும் கலந்த வாடை. "யூ கைஸ் ஆர் ஓகே?" என்றான் என் தோளுக்குள். அவன் என்னைக் கேட்டான்.

நான் கருவியை எடுத்து நீட்டினேன். அதை ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்கி, அவனே அம்மாவுக்குச் செய்தி அனுப்பினான்.

முரளி டப்பாவைத் திறந்து கொடுத்தான். சூடான சோறு, பருப்புப் பொடி, நெய். "சாரிடா கண்ணா," என்றான். கதிர் துறையில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து ஸ்பூன்கூடக் கேட்காமல் கையால் அள்ளித் தின்றான். "திஸ் இஸ் சோ குட், அங்கிள்," என்றான். முரளி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்க வேண்டிய கேள்வியை இந்த முறை கேட்டேன்.

"ஏதாச்சும் பாத்தியாடா?"

அவன் சொன்னான். நேற்று காலை மழை கொஞ்சம் அடங்கிய நேரம். பசி தெரியாமல் இருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு, கராஜில் செய்துகாட்டிய மாதிரி, பெண் மூஸின் குரலைக் கொடுத்தானாம். ஏரிக்கு அந்தப் பக்கப் புதரிலிருந்து ஒன்று பதில் சொன்னது. தண்ணீரைச் சுற்றிக்கொண்டு வந்து, எழுபது கஜ தூரத்தில், பக்கவாட்டில் நின்றது. கொம்பு நடுத்தர உயரமுள்ள ஓர் ஆளின் நீளத்துக்கு இருந்ததாம். மூச்சு புகையாக வருவது தெரிந்தது. துப்பாக்கியைத் தோளில் வைத்து, பூட்டை நீக்கி, விரலையும் வைத்துவிட்டான். அது நின்றது. வெகு நேரம் நின்றது. பிறகு திரும்பி நடந்து போனது.

"ஏன்டா சுடல?"

அவன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, நான் வந்து சேராத ஏரி இருக்கும் வடக்குப் பக்கத்தைப் பார்த்தான்.

"ஒரு ஆளால தூக்க முடியாதுப்பா," என்றான்.